பிள்ளைகள் கதை உருவாக்க வாரம் 2 பாடவேளை தாருங்கள்: கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். சென்ற பருவத்தில் எங்கள் பள்ளிக்கு ஆய்வுக்கு வந்த அலுவலர், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் உருவாக்கிக்கொண்டிருந்த ஒலி-ஒளிக் கதையை அன்றோடு நிறுத்தச் சொல்லிவிட்டுச் சென்றார். பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை என்றும், அனுப்பப்பட்ட காணொளிகளைக் காட்டியதற்கான பதிவு எங்கள் பள்ளியில் குறைவாக இருக்கிறது என்றும் காரணம் சொன்னார். அவர் கையிலிருந்த ஆய்வுப் படிவத்தில் இப்படியொரு வேலையைக் குறிக்கக் கட்டமே இல்லை. எனவே, அந்தப் படிவத்தை முடிவு செய்கிற உங்களிடம்தான் நான் முறையிட வேண்டியிருக்கிறது.

என் கோரிக்கை ஒன்றுதான். ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில், பள்ளிக்கு வந்து சேர்ந்திருக்கும் கருவிகளைக் கொண்டு பிள்ளைகள் தாங்களே கதை உருவாக்குவதற்கு வாரத்தில் 2 பாடவேளைகளை ஒதுக்கி, அதை உங்கள் செயல்முறை ஆணையில் எழுத்தில் தாருங்கள்.

நிறுத்தப்பட்ட வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஏரியில் மதகைத் திறந்து மூடி வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டி ஒருவர் இன்னும் இருக்கிறார். ஏரி நிறைந்து கலங்கல் (உபரி நீர் வெளியேறும் இடம்) வழியும்போது எந்த மடையை முதலில் திறக்க வேண்டும், கடைமடைக்காரருக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததை எப்படி அறிவது என்பதையெல்லாம் பிள்ளைகள் அவரிடம் கேட்டு வந்து எழுதினார்கள். ஏரியின் படங்களை அவர்களே வரைந்து, அந்தப் படங்களைக் கைப்பேசியில் எடுத்தார்கள். சத்துணவுக்கான அரிசி மூட்டைகள் அடுக்கிய அறையில் எதிரொலி குறைவாக இருப்பதைக் கண்டுபிடித்து, அங்கே அமர்ந்து தங்கள் குரலைப் பதிவு செய்தார்கள். இதற்கு இணைய இணைப்பும் தேவைப்படவில்லை, தனிச் செலவும் ஆகவில்லை.

அந்தக் குழுவில் ஒரு மாணவி இருக்கிறாள். வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வாள். பதிவான தன் குரலை முதன்முறை கேட்டபோது, ‘மழை’ என்பதைத் தான் ‘மளை’ என்று சொல்லியிருப்பதை அவளே கண்டுகொண்டு, யாரும் சொல்லாமல் திரும்பவும் பதிவு செய்தாள். அதைவிட முக்கியமாக நான் கருதுவது வேறொன்று. ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தவள், படத்தைப் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, மதகின் தோற்றத்தை வருணித்த வரிகள் முழுவதையும் அடித்துவிட்டாள். அதுதான் படத்திலேயே தெரிகிறதே, படத்தில் தெரியாததை மட்டும் நான் சொன்னால் போதும் என்றாள். எழுதியதைத் திருத்துவது என்பதைக் கட்டுரை ஏட்டில் சிவப்பு மை கொண்டு இத்தனை ஆண்டுகளாகக் கற்பிக்க முயன்றுவரும் எனக்கு, அந்த ஒரு பாடவேளை என்ன செய்தது என்பதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று தெரியவில்லை.

அந்தக் கதை பாதியில் நிற்கிறது. முடித்ததும் போட்டுக் காட்டுவதாகப் பிள்ளைகள் அந்த நீர்க்கட்டிப் பெரியவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் தெருவில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள். மேலிடத்து உத்தரவு என்று பதில் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

2018 முதல் பாடநூலில் விரைவுக் குறியீடு (கியூஆர் கோடு) வந்தது, 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது, பின்னர் திறன்மிகு வகுப்பறைகளும் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் வந்தன. இவை ஒவ்வொன்றையும் நான் வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். இதயம் சுருங்கி விரிவதைப் பலகையில் நான் வரைந்து காட்டுவதைவிட அசைபடம் நன்றாகவே காட்டும். ஆனால் இவை அனைத்தும் ஒரே திசையில் ஓடுகின்றன. எங்கோ தயாரான காணொளி திரைக்கு வருகிறது, பிள்ளை பார்க்கிறது, ஆசிரியர் அதைக் காட்டியதாகப் பதிவு செய்கிறார். ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் செய்யக்கூடிய கருவி வகுப்பறையில் இருந்தும், பிள்ளை அதைத் தொட்டுத் தன் கதையைச் சொல்ல அனுமதி இல்லை என்றால், கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்ட காலத்திலிருந்து நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்?

இது என் சொந்தக் கற்பனையில் பிறந்த முறையும் அல்ல. 1990களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் டேனா ஆட்ச்லி, ஜோ லாம்பர்ட் முதலானோர் நடத்திய பயிலரங்குகளில் உருவான எண்மக் (டிஜிட்டல்) கதைசொல்லல், சில நிமிடக் கதை, சொந்தக் குரல், கையில் உள்ள நிழற்படங்கள் ஆகியவற்றைக் கொண்டே நடந்தது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பக்கத்து மாநிலமான கேரளத்தில் 2018இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்களில், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டு அசைபடம் உருவாக்கவும் தாய்மொழியில் கணினியைப் பயன்படுத்தவும் பழகுகிறார்கள். நம் பிள்ளைகள் அவர்களுக்கு எந்த வகையில் குறைந்தவர்கள்?

சற்றுக் கடுமையாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரின் நாள் முழுவதும் சான்று சேகரிப்பதில் கழிகிறது. வருகைப் பதிவு, நலத்திட்டப் பதிவு, மதிப்பீட்டுப் பதிவு, விழா நடத்தியதற்குப் படம், உறுதிமொழி எடுத்ததற்குக் காணொளி என்று கைப்பேசி ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதே கைப்பேசியில் ஒரு பிள்ளையின் குரலைப் பதிவு செய்தால் அது நேர விரயம் என்று கருதப்படுகிறது. பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவளமையப் பயிற்சிகளிலும் செயலியைத் திறப்பது, கடவுச்சொல்லை மாற்றுவது, விவரம் ஏற்றுவது ஆகியவையே கற்பிக்கப்படுகின்றன. கதையைத் திட்டமிடுவதும் ஒலியைத் தூய்மை செய்வதும் எந்தப் பயிற்சியிலும் எனக்குக் கிடைக்கவில்லை. எங்களைத் தரவு ஏற்றுபவர்களாக மட்டும் நடத்துவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி.

பிள்ளைகளின் பாதுகாப்பு குறித்து உங்களுக்கு இருக்கும் கவலை நியாயமானது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஆகவே பெற்றோர் ஒப்புதல் படிவம் ஒன்றை நீங்களே வகுத்துத் தாருங்கள். முகம் தெரியாமல் வரைபடமும் குரலும் மட்டும் இடம்பெறட்டும். கதைகள் சமூக ஊடகத்துக்குப் போகாமல் பள்ளிக் கணினியிலேயே இருக்கட்டும். பாடம் பின்தங்கும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. ஏரிக் கதையில் தமிழும் சமூக அறிவியலும் அறிவியலும் சேர்ந்தே இருந்தன. எந்தக் கற்றல் விளைவு எந்தக் கட்டத்தில் நிறைவேறியது என்று பாடக்குறிப்பில் எழுதிக்காட்ட நாங்கள் தயாராக இருக்கிறோம்.

ஆகவே திரும்பவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வாரத்தில் 2 பாடவேளை, அதற்கான எழுத்துவழி அனுமதி, ஆய்வுப் படிவத்தில் அதற்கென ஒரு கட்டம். புதிய கருவியோ கூடுதல் நிதியோ நான் கேட்கவில்லை. எல்லாப் பள்ளிகளுக்கும் உடனே இயலாது என்றால், விருப்பமுள்ள பள்ளிகளுக்கு மட்டுமாவது வரும் பருவத்திலேயே அனுமதி தாருங்கள். அந்த ஆணை வரும் வரை, பாதியில் நிற்கும் ஏரிக் கதையை முடிக்க எங்கள் ஏழாம் வகுப்புக்குச் சிறப்பு அனுமதி வழங்குமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர்