மஞ்சள் தடவிய மூலை

பழைய கடிதங்களை மின்னாக்கம் செய்யும் நூலகத்தாருக்கு,

வணக்கம். 1961-இல் மாப்பிள்ளை வீட்டுக்குப் பேசப் போன தாத்தா, அங்கிருந்தே பாட்டிக்கு ஒரு கார்டு போட்டார். நல்ல சேதி என்பதால் நான்கு மூலையிலும் மஞ்சள். போன வருஷம் வீட்டிலிருந்த கடிதக் கட்டை உங்கள் நூலகத்துக்கு ஸ்கேன் செய்யக் கொடுத்தேன். திரும்பி வந்த கோப்பில் எல்லாம் கறுப்பு வெள்ளை, மஞ்சள் மூலைகள் நான்கும் கறுப்பு. மூலையில் கறுப்பு மை தடவி வந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அத்தையிடம் காட்டினேன். "யாரு போனதுக்கு எழுதினது?" என்றார். அது அவருடைய கல்யாணக் கார்டு.

அந்தக் காலத்து ப்ளூ பிளாக் மை பலவற்றில் இரும்பு உப்பு உண்டு. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சிய பழைய மைக்கும் இதே சூத்திரம்தான். எழுதும்போது வெளிறி இருக்கும், காற்றுப் பட்டுக் கறுக்கும், பல வருஷம் போனால் பழுப்பேறும். தாத்தாவின் கார்டில் "எல்லாம் நல்லபடி முடிந்தது" என்ற இடத்தில் பேனா வறண்டு, 'து' வெறும் கீறலாக நிற்கிறது. அடுத்த சொல் "மாப்பிள்ளை", கன்னங்கரேல் என்று. நடுவில் எழுந்துபோய் மை நிரப்பியிருக்கிறார். அதிலும் அந்த 'ளை', 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது. யானைத் துதிக்கை போன்ற அதன் கொம்பு வளைகிற இடத்தில் மை தேங்கிக் காய்ந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் லேசாக மினுங்கும்.

உங்கள் ஸ்கேனில் 'து' காணாமல் போய், "நல்லபடி முடிந்த மாப்பிள்ளை" ஆகிவிட்டார் எங்கள் மாமா. சிரித்தோம், சரி. ஆனால் இடம் போதாமல் தாத்தா ஓரத்தில் குறுக்காக எழுதிய வரியையும் வெட்டிவிட்டீர்களே.

வண்ணத்தில் எடுங்கள். பக்கத்தில் நிறத்தைச் சரிபார்க்க ஒரு வண்ண அட்டையை வைத்து, ஓரம் வெட்டாமல், முகவரிப் பக்கத்தையும் சேர்த்து. கோப்பு பெரிதாகும் என்பீர்கள். மூலத்தைப் பெரிதாகவே வைத்துக்கொண்டு, வாசிப்பவர்களுக்குச் சின்னதாக ஒன்று கொடுக்கலாமே? வெளிச்சம் பட்டால் மஞ்சள் வெளுத்துவிடும். இந்தக் கார்டிலேயே இரண்டு மூலை மங்கத் தொடங்கிவிட்டது.

வண்ணத்தில் எடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள், கட்டை மறுபடி கொண்டுவருகிறேன். அந்தக் கார்டை மட்டும் அத்தை இனி யாரிடமும் தரமாட்டாராம். அதற்கு நீங்கள்தான் ஸ்கேனரோடு வீட்டுக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
கார்டு எழுதியவரின் பேரன்