இரண்டாம் தவணை நிறைவில் பெற்றோருக்கு

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் தவணை முடிவுக்கு வந்துவிட்டது. தமிழ்மொழித் தினப் போட்டிகளில் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். பரிசளிப்பு விழாவும் குறையின்றி நடந்தது. உழைத்த எல்லோருக்கும் பாராட்டுகள்.

சரி, எழுத வந்த விடயம் வேறு. உடற்கல்விப் பாடவேளையிலிருந்து மகளை விடுவிக்கும்படி இந்தத் தவணை நிறையக் கடிதங்கள் வந்தன. "வெயிலில் களைத்துவிடுவாள், பின்னேரம் ரியூசன் இருக்கிறது" என்பதே பலவற்றின் சாரம். பரீட்சை நெருக்கடி எனக்கும் விளங்கும். ஆனால் மாதவிடாய் மாதக்கணக்கில் தள்ளிப்போவதாகவும் முகத்தில் மயிர் அரும்புவதாகவும் ஆசிரியைகளிடம் வந்து அழுகிற பிள்ளைகளும் அதே வகுப்புகளில்தான் இருக்கிறார்கள்.

இரட்டைப் பின்னலுக்கு நடுவே சிலருக்குப் பின்கழுத்து கறுத்திருக்கிறது. அது ஊத்தை அல்ல; தேசிக்காய் போட்டு உரஞ்சினால் தோல்தான் புண்ணாகும். இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் உடலில் சரியாக வேலை செய்யாதபோது கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் கழுத்துத் தோலைத் தடித்துக் கறுக்க வைக்கும். சூலகத்தைத் தூண்டி ஆண் ஹோர்மோன்களையும் கூட்டும். பிசிஓஎஸ் என்ற சூலக ஹோர்மோன் கோளாறு உள்ள பலருக்கு நடப்பது இதுதான். மெலிந்த பிள்ளைக்கும் வரும். எனவே "திண்டு கொழுத்ததால் வந்தது" என்று தயவுசெய்து ஏசாதீர்கள்.

சாமத்தியப்பட்ட முதல் வருடம் மாதவிடாய் முன்பின்னாக வருவது வழமை. அதற்காக ஸ்கான் எடுக்க ஓடவேண்டாம். இந்த வயதில் ஸ்கானை வைத்து பிசிஓஎஸ்ஸை முடிவுசெய்வதில்லை. ஒரு வருடம் கடந்த பிறகும் 90 நாட்களுக்கு மேல் வராமலிருந்தால் கட்டாயம் வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் தரும் ஹோர்மோன் குளிசையை, குடும்பக் கட்டுப்பாட்டு மருந்தென்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், பிசிஓஎஸ்ஸுக்கு வைத்தியர்கள் முதலில் சொல்வது ஓட்டமும் நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும்தான். வேலை செய்யும் தசை, இன்சுலின் குறைவாக இருந்தாலும் இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்ளும்; அதனால் கணையம் இன்சுலினை மிகையாகச் சுரக்கத் தேவை குறையும். இந்த வயதில் நாளுக்கு 60 நிமிடமாவது உடல் அசையவேண்டும். நாமோ கதிரையிலிருந்து கதிரைக்கு மாற்றி, இடையில் ரோல்ஸும் சோடாவும் கொடுக்கிறோம். (எங்கள் சிற்றுண்டிச்சாலையிலும் பணிஸைக் குறைத்து அவித்த கடலை, கௌபி வைக்கச் சொல்லியிருக்கிறேன். முறைப்பாடுகள் வரத் தொடங்கிவிட்டன!)

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். அடுத்த தவணையிலிருந்து வைத்தியரின் கடிதம் இல்லாமல் உடற்கல்விப் பாடவேளைக்கு நீண்டகால விலக்கு இல்லை. ரியூசன் ஒரு காரணமாக ஏற்கப்படாது. இதற்காக அலுவலகத்துக்கு வந்து வாதாடவேண்டாம்.

மாதவிடாய் வலியுள்ள நாட்களில் கடிதமே தேவையில்லை; பிள்ளை ஆசிரியையிடம் சொன்னால் போதும். என்ன செய்வதென்று தெரியாதவர்கள் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். என்னுடன் கதைக்க விரும்பினால் தனியாக வரலாம், விடயம் வெளியே போகாது. ஏற்கெனவே வந்து மனம்விட்டுக் கதைத்த தாய்மாருக்கும், மகளைத் தானே கிளினிக்குக்குக் கூட்டிச்சென்ற தகப்பன்மாருக்கும் என் நன்றி.

விடுமுறையில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போவீர்கள். கிட்ட இருப்பவர்கள் மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு நடந்தே போய்வாருங்கள்.

அன்புடன்,
அதிபர்