திண்ணையில் ஒரு லேப்டாப்

ஆசிரியருக்கு,

‘சம்பளத்தை உதறிவிட்டுச் சேவைக்கு வா’ என்று இளைஞர்களைக் கூப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டுக்கடனும் தங்கை கல்யாணமும் தலைமேல் நிற்கிறவனிடம் அதை எந்த வாயால் சொல்வது? ஏழைகளுக்கு இலவசக் கண் சிகிச்சை தந்து சேவைக்குப் பேர்போன டாக்டர் வெங்கடசாமியே அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகுதான் 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

ஆனால் திறமையைக் கொஞ்சம் கைமாற்றாகக் கொடுக்கலாமே. எங்கள் தெருவில் ஐ.டி. வேலை பார்க்கும் பையன் ஒருவன் ஞாயிறு காலையில் திண்ணையில் லேப்டாப்போடு உட்கார்ந்து முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டுத் தருகிறான். காசு வாங்குவதில்லை, முறுக்கு கொடுத்தால் மறுப்பதும் இல்லை. போன வாரம் ஏழு பாட்டிகள் வந்தார்கள். ஒருவருடைய ஆதாரில் வயது 49 என்று இருந்தது. அவர் பேரனுக்கே கல்யாணம் ஆகிவிட்டது!

– ஒரு வாசகி, திருமங்கலம்