கிராணியார் பேத்தி எழுதுவது

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஈப்போ வைத்தியர் கொடுத்த எண்ணெய் கேட்கிறதா?

பேரன் பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டான். காலையில் கிடைக்கும் ஓய்வில் தாத்தாவைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே! அத்தை வீடு மாறியபோது ஸ்டோர் ரூமில் ஒரு பழைய பிஸ்கட் டின் அகப்பட்டது. உள்ளே எல்லாம் தாத்தாவின் காகிதங்கள்.

எங்கள் வீட்டில் தாத்தா என்றால் இரண்டு செய்திதான். ஊரிலிருந்து ரஜூலா கப்பலில் சிங்கப்பூர் வந்தார். துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தார். சித்தப்பா கல்யாண வீடுகளில்கூட இதைச் சொல்லாமல் விடமாட்டார். டின்னில் துறைமுக வாரியம் கொடுத்த ஒரு சான்றிதழ் இருக்கிறது. தாத்தா வேலைக்குச் சேர்ந்தது 1925 என்று அதில் போட்டிருக்கிறது. ரஜூலா ஓடத் தொடங்கியதே 1926-ல்தான்! அப்புறம்தான் அத்தை மெல்லச் சொன்னார்: தாத்தா 1936-ல் ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்துப் பாட்டியை அழைத்து வந்தது ரஜூலாவில். பாட்டியின் கப்பலைத் தாத்தாவுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அவர் முதலில் எந்தக் கப்பலில் வந்தார் என்பது யாருக்கும் தெரியவில்லை.

கிராணி விஷயம் இன்னும் வேடிக்கை. அத்தையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பனார் தொழில் 'லேபரர்'. சித்தப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எழுதினவன் தப்பா எழுதியிருப்பான்" என்றார். நான் விவாதிக்கவில்லை. எனக்கென்னவோ மூட்டை தூக்கிய தாத்தாவைத்தான் கூடுதலாகப் பிடித்திருக்கிறது. கிராணி வேலை பார்த்திருந்தால் அந்தத் தோள் தழும்பு எப்படி வந்திருக்கும்?

அத்தையின் அந்தப் பிறப்புச் சான்றிதழை நீ பார்க்க வேண்டும். பிறந்த ஆண்டு 2603! ஒரு நிமிஷம் தலை சுற்றிவிட்டது. ஜப்பான்காரன் காலத்தில் அவர்கள் கணக்கில்தான் வருஷம் எழுதினார்கள். 660-ஐக் கழித்தால் 1943. ஊர்ப் பெயரும் சிங்கப்பூர் இல்லை, ஷோனான். மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்திலும் மனுஷன் போய் வரிசையில் நின்று பிள்ளையைப் பதிந்திருக்கிறார் பார்.

தாத்தாவின் பெயரும் ஒரே மாதிரி இல்லை. ஒரு காகிதத்தில் ஜி-யில் தொடங்குகிறது, இன்னொன்றில் கே-யில். 1948-க்குப் பிறகு கொடுத்த காகித ஐசியில் (அடையாள அட்டையில்) அவர் அப்பா பெயரை முன்னால் போட்டிருக்கிறார்கள். அதனால் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தளத்தில் எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடிப் பார்த்தேன். அவர் பெயர் வரவில்லை. கூலிக்காரன் பெயர் பேப்பரில் வர வேண்டுமென்றால் அடிபட வேண்டும், இல்லை கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஆனால் 1946 துறைமுக வேலைநிறுத்தச் செய்தி கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தியிருக்கிறார்கள். அதைப் படித்துக் காட்டியதும் சித்தப்பாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அப்போது அவருக்கு ஏழு வயது. அப்பா பகலிலும் வீட்டில் இருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டாராம். பாட்டி மட்டும் அரிசி டப்பாவைத் திறந்து திறந்து மூடுவாராம். கிராணி வேலைநிறுத்தம் செய்தாரா என்று கேட்க நினைத்தேன், விட்டுவிட்டேன்.

பிடாடாரி இடுகாட்டில் தாத்தாவைப் புதைத்த இடத்தையும் கேட்காதே. 2000-களின் தொடக்கத்தில் கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள், இப்போது அங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகள். என் மருமகளின் தோழி ஒருத்தி அங்கேதான் குடியிருக்கிறாள், நல்ல காற்றோட்டமாம்.

உன் அம்மா சின்னப் பிள்ளையாக ரஜூலாவில் வந்தவர்தானே? டெக்கில் வந்தவர்கள் எங்கே படுத்தார்கள், சாப்பாடு யார் போட்டது, நாகப்பட்டினத்தில் ஏறினால் எத்தனை நாளில் இறங்கினார்கள் என்று கேட்டு எழுது. அவர் பேசும்போது போனில் பதிவு செய்துவிட்டால் இன்னும் நல்லது. தீபாவளிக்கு வருகிறேன் என்றாயே, பஸ் டிக்கெட் எடுத்தாயிற்றா?

அன்புடன்,
சரோஜா