பத்தாவது ஆட்டம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம் என்று படித்ததில் மகிழ்ச்சி, இங்கும் நலமே. கடைசிப் பக்கத்தில் ஐஸ் ஹாக்கியைப் பற்றி நீ கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். "பதினெட்டு வயசுப் பையன், ஒன்பது ஆட்டம் நன்றாகத்தானே ஆடினான்? ஏன் திருப்பி அனுப்பிவிட்டார்கள்? பயிற்சியாளரோடு ஏதாவது தகராறா?" என்று கேட்டிருந்தாய். தகராறெல்லாம் இல்லை. பத்தாவது ஆட்டம்தான் காரணம்.

என்.எச்.எல். என்பது வட அமெரிக்காவின் தலையாய ஐஸ் ஹாக்கி லீக். அதன் டிராஃப்டில், அதாவது இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைபோட்டுத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 32 அணிகள் சேர்ந்து 7 சுற்றுகளில் 224 பேரை எடுக்கின்றன. எடுத்துவிட்டார்கள் என்பதால் வேலை கிடைத்துவிட்டதாக நினைக்காதே. அவனோடு ஒப்பந்தம் பேசும் உரிமை அந்த அணிக்கு மட்டும், அவ்வளவுதான். 18 முதல் 21 வயதுக்குள் கையெழுத்திட்டால் முதல் ஒப்பந்தம் மூன்று ஆண்டு. அதில் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 18, 19 வயதுக்காரன் ஒரு பருவத்தில் பத்துக்கும் குறைவான ஆட்டங்களில் இறங்கினால் அந்த ஆண்டு கணக்கில் சேராது; ஒப்பந்தம் ஓராண்டு தள்ளிப்போகும். பத்தாவது ஆட்டத்துக்கு இறங்கினானோ, மூன்றில் ஒன்று கழிந்தது. நல்ல ஆட்டக்காரன் மலிவாகக் கிடைக்கிற மூன்று ஆண்டுகளில் ஒன்றை, அவன் உடம்பு இன்னும் தேறாத வயதில் செலவழிக்க அணி மேலாளர் தயங்குவார். அதனால்தான் ஒன்பதோடு நிறுத்துகிறார்கள்.

எங்கே அனுப்புவது என்பதிலும் ஒரு சிக்கல். கனடாவின் ஜூனியர் லீக்குகளிலிருந்து எடுக்கப்பட்டவன் 20 வயது ஆகும்வரை ஏ.எச்.எல்.லில் (என்.எச்.எல்.லுக்கு அடுத்த கீழ்நிலை லீக்) ஆட முடியாது என்பது 2025-26 பருவம் வரை நெடுங்கால விதி. என்.எச்.எல்.லில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது, இல்லையென்றால் ஜூனியருக்கே திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. ஐரோப்பியக் கிளப்பிலிருந்து எடுக்கப்பட்ட அதே வயதுப் பையனுக்கு ஏ.எச்.எல். கதவு திறந்திருக்கும். ஒரே திறமை, இரண்டு பாதை. எனக்கு இது நியாயமாகப் பட்டதே இல்லை.

அடுத்தது வேவர்ஸ். ஓர் அணி தன் ஆளை ஏ.எச்.எல்.லுக்கு இறக்க நினைத்தால் 24 மணி நேரம் அவனை மற்ற அணிகளின் முன் வைக்கவேண்டும். யாராவது கேட்டால் ஆள் போய்விடுவான். புதியவர்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. வயதையும் ஆடிய ஆட்டங்களையும் பொறுத்து அது முடியும். 18 வயதில் கையெழுத்திட்டவன் கோலியாக (கோல்காப்பாளராக) இல்லாவிட்டால் அதிகபட்சம் 5 பருவம் அல்லது 160 ஆட்டம். செப்டம்பர் பயிற்சி முகாமின் கடைசி வாரத்தைப் பார்த்தால் இதன் விளைவு தெரியும். ஓர் இடத்துக்கு இரண்டு பேர் சரிசமமாக நிற்பார்கள். விலக்கு உள்ளவனை இறக்கினால் நஷ்டமில்லை. விலக்கு தீர்ந்தவனை இறக்கினால் பறிபோகலாம். அதனால் கொஞ்சம் நன்றாக ஆடியவனே கீழே போவதும் நடக்கும். இருவழி ஒப்பந்தத்தில் இருப்பவனுக்கு அன்றிலிருந்து சம்பளமும் மாறும். 2025-26 பருவத்தில் என்.எச்.எல். குறைந்தபட்சச் சம்பளம் 7,75,000 டாலர், ஏ.எச்.எல். சம்பளம் அதில் ஒரு சிறு பங்குதான்.

கீழே போனால் அங்கேயே காலத்தை ஓட்டிவிடலாம் என்றும் இல்லை. ஏ.எச்.எல். ஆட்டத்தில் இறங்கும் 18 பேரில் (கோலிகள் தவிர) 13 பேர் வளர்ந்துவரும் ஆட்டக்காரர்களாக இருக்கவேண்டும். அவர்களில் 12 பேர் 260 தொழில்முறை ஆட்டங்களைத் தாண்டியிருக்கக் கூடாது. ஒருவருக்கு 320 வரை விட்டுக்கொடுக்கிறார்கள். அதைத் தாண்டியவர்களுக்கு மிஞ்சுவது ஐந்து இடம். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில், கை கால் எல்லாம் நன்றாக இருக்கும்போதே பலர் ஜெர்மனிக்கும் ஸ்வீடனுக்கும் ஸ்விட்சர்லாந்துக்கும் கிளம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்வீடன் முதல்நிலை லீக்கில் பருவத்துக்கு 52 ஆட்டம், என்.எச்.எல்.லில் 2025-26 வரை 82. உடம்புக்கு அது பெரிய ஆறுதல்.

அப்படியானால் மேலே நிலைப்பவர்கள் யார்? டிராஃப்ட் எண்ணை மட்டும் நம்பாதே. பாவெல் டாட்சூக் 1998-இல் 171-ஆவது. ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் 2000-இல் 205-ஆவது. மார்ட்டின் செயின்ட் லூயியை எந்த அணியும் எடுக்கவே இல்லை. அவர் 2004-இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் ஸ்டான்லி கோப்பையும் (என்.எச்.எல். சாம்பியன் கோப்பை) வென்றார். ஆனால் இவர்கள் விதிவிலக்கு. சராசரி ஆட்டக்காரனுக்கு வேலையைக் காப்பாற்றித் தருவது குறைந்த நேரம் ஆடுபவர்களின் சில்லறை வேலைகள்: தண்டனையால் ஓர் ஆள் குறைவாக நிற்கும் இரண்டு நிமிடத்தில் பக்கின் (ஆடும் ரப்பர் வட்டின்) முன் விழுந்து தடுப்பது, ஃபேஸ் ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்க இருவருக்கிடையே பக்கைப் போடுவது) ஜெயிப்பது, வலது கையைக் கீழே பிடித்து ஆடும் டிஃபென்ஸ்மேனாக (தற்காப்பு ஆட்டக்காரனாக) இருப்பது (அப்படிப்பட்டவர்களுக்கு எப்போதும் பஞ்சம்).

எல்லாவற்றுக்கும் மேல், நேரத்துக்கு வெளியேறத் தெரியவேண்டும். ஒரு ஷிஃப்ட், அதாவது பனிக்களத்தில் ஒருமுறை இறங்கி நிற்கும் நேரம், சுமார் 45 விநாடி. முழு வேகத்தில் அதற்குமேல் கால் தாங்காது. ஒரு நிமிடம் தாண்டி நிற்பவன் வளையும்போது முழங்கால் நிமிர்ந்துவிடும், ஸ்டிக் பனியை விட்டு எழும்பும். எதிரணி அவனைத் தாண்டித்தான் வரும். பக் எதிரணியின் ஆழத்தில் கிடக்கும்போது மாறவேண்டும். நடுக்கோட்டில் கைமாறும்போது மாறினால் இரண்டு பேருக்கு ஒருவன் என்று மாட்டிக்கொள்வோம். ஆட்டம் மூன்று இருபது நிமிடப் பகுதிகள்; இரண்டாவதில் இது இன்னும் கடினம். பக்கம் மாறிவிடுவதால் சொந்தக் கோலைக் காக்கும் பகுதி பெஞ்சிலிருந்து தூரமாகிவிடும். களைத்த டிஃபென்ஸ்மேன்கள் வெளியே வர வழியில்லாமல் சிக்குவது அப்போதுதான்.

ஸ்கேட்டைப் பற்றியும் கேட்டிருந்தாய். பிளேடு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிமன். அடிப்பகுதி தட்டை இல்லை. நீளவாக்கில் குழிவாகச் சீவியிருப்பார்கள். அதனால் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு கூர்விளிம்புகள். குழிவின் ஆரம் அரை அங்குலம் என்பது பரவலான அளவு. 3/8 என்றால் குழி ஆழம்: பிடி அதிகம், சட்டென்று திரும்பலாம், ஆனால் வழுக்கிச் செல்லும் வேகம் குறையும், தொடை சீக்கிரம் களைக்கும். 5/8 என்றால் நேர்மாறு. கனத்த உடம்புக்காரர்கள் ஆழம் குறைந்ததையே விரும்புவார்கள். அவர்கள் எடையே பனியைக் கடித்துக்கொள்ளும். இரண்டு விளிம்பும் ஒரே உயரத்தில் இருக்கவேண்டும். மயிரிழை ஏறியிறங்கி இருந்தாலும் வளைவில் ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் கால் பறியும். இன்னொருவர் ஸ்கேட்டிலோ கோல் கம்பத்திலோ உரசினால் விளிம்பு மடங்கிவிடும். விரல்நகத்தைக் குறுக்கே இழுத்தால் தெரியும்: கூராக இருந்தால் மெல்லிய தூள் சீவி வரும், மழுங்கியிருந்தால் நகம் சும்மா வழுக்கும்.

அந்த விறைப்பான ஸ்கேட்டே காயத்தின் இடத்தையும் மாற்றுகிறது. கணுக்காலை அது இறுகப் பிடித்திருப்பதால், விளிம்பு மாட்டி உடம்பு திரும்பும்போது முறுக்கு மேலே ஏறி, கணுக்காலுக்கு மேலுள்ள தசைநார் கிழியும். சாதாரணச் சுளுக்கு போல ஓரிரு வாரத்தில் ஆறாது. தலையடி இன்னும் கொடியது. என்.எச்.எல். நட்சத்திரம் சிட்னி கிராஸ்பி 2011 ஜனவரியில் ஒதுங்கி அந்த நவம்பரில்தான் திரும்பினார். 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் எதிராளியின் ஸ்கேட் பிளேடு கழுத்தில் பட்டு ஆடம் ஜான்சன் இறந்தார். கழுத்துக் காப்பை அதன்பிறகு பல லீக்குகள் கட்டாயமாக்கின. இத்தனை காலம் அதை விருப்பத்துக்கு விட்டிருந்ததை நினைத்தால் மனம் ஆறவில்லை.

27 வயதோ ஏழு பருவமோ ஆன பிறகுதான், ஒப்பந்தம் முடிந்ததும் எந்த அணிக்கும் சுதந்திரமாகப் போகலாம். அதுவரை சம்பளம் பேசுவதில் அணியின் கைதான் ஓங்கியிருக்கும். அந்த வயதைத் தொடும்போது பலரின் இடுப்பும் தோளும் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். அதனால் அந்த ஒரு கோடையில் போடும் கையெழுத்துதான் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் சம்பாத்தியம்.

அடுத்த ஆட்டத்தில் இரண்டாவது இருபது நிமிடம் வரும்போது, பக்கை விட்டுவிட்டு பெஞ்சைக் கவனி. யார் எந்த நேரத்தில் வருகிறார்கள், யார் தாமதிக்கிறார்கள் என்று குறித்துவை. அந்தப் பதினெட்டு வயதுப் பையனின் ஜூனியர் ஆட்டம் ஏதாவது கிடைத்தால், அவன் 45 விநாடியில் வெளியேறுகிறானா என்று பார்த்து எழுது.

உன் அன்பு நண்பன்