இதய முகாம் நடத்தும் ஊர்களுக்கு ஒரு மடல்

குமரி மாவட்டத்தில் இதயப் பரிசோதனை முகாம் நடத்தும் பங்குப்பேரவையினர், ஊர் கமிட்டியினர், ஜமாத்தார், இளைஞர் மன்றத்தார் எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஆய்வகத்தில் வேலை செய்கிறவன். உங்கள் முகாம்களில் ரத்தம் எடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவன் என்பதால், நீங்கள் செய்வது எவ்வளவு நல்ல காரியம் என்று எனக்குத் தெரியும். அந்த உரிமையில் கேட்கிறேன்: இப்போது நோட்டீஸ்களில் வரும் 'ஹெச்எஸ் சிஆர்பி' (ரத்தத்தில் சிஆர்பி என்ற புரதத்தை நுட்பமாக அளக்கும் டெஸ்ட்), 'ஜீன் டெஸ்ட்' (மரபணுச் சோதனை) பேக்கேஜ்களை எல்லோருக்கும் எடுக்க வைக்காதீர்கள்.

குளச்சல் பக்கம் ஒரு முகாமில் வயதான அம்மா ஒருவர் ரிப்போர்ட்டை நீட்டினார். சிஆர்பி 18. "மக்களே, எனக்கு அட்டாக் வருமா?" என்று கேட்டார், கை நடுங்கியது. விசாரித்தால், போன வாரம்தான் காய்ச்சலில் படுத்து எழுந்திருக்கிறார். சிஆர்பி கல்லீரல் உண்டாக்கும் புரதம். உடம்பில் எங்கே தொற்று வந்தாலும், ஈறு வீங்கினாலும் அது ஏறும். 10-க்கு மேல் போனால் அதை வைத்து இதயத்தைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது. சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

சிஆர்பி காட்டுவது அழற்சியை, அதாவது தொற்றோ காயமோ வரும்போது உடம்பு காட்டும் எதிர்வினையை. அழற்சிக்கும் மாரடைப்புக்கும் சம்பந்தம் உண்டு. 2017-இல் வெளியான கான்டோஸ் ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொழுப்பைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் குறைக்கும் மருந்து கொடுத்தார்கள். மறுபடி மாரடைப்பு, பக்கவாதம் வருவது சுமார் 15 சதவீதம் குறைந்தது. ஆனால் மரபணு வேறுபாட்டால் பிறவியிலேயே சிஆர்பி கூடுதலாக உள்ளவர்களுக்கு இதய நோய் அதிகமில்லை. சிஆர்பியை உண்டாக்கும்படி கல்லீரலுக்குக் கட்டளையிடும் இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்தின் பாதையில் ஒரு வேறுபாடு உள்ளவர்களுக்கோ நோய் சற்றுக் குறைவு. ஆக சிஆர்பி வெறும் சாட்சி, குற்றவாளி அல்ல.

ஜீன் டெஸ்டும் அப்படித்தான். இதய நோயோடு தொடர்புள்ளதாக 9-ஆம் குரோமோசோமில் 2007-இல் கண்டுபிடித்த மரபணு வேறுபாடு மிகப் பலரிடம் இருக்கிறது. அது இருப்பது தெரிந்ததால் மட்டும் மருந்துச் சீட்டு மாறப்போவதில்லை.

அந்தக் காசில் வேறொன்று செய்யலாம். பதிவு மேசையில் ஒரு கேள்வி கேளுங்கள்: அப்பா, அண்ணன் தம்பியில் யாருக்காவது 55 வயதுக்கு முன்னாலோ, அம்மா, அக்கா தங்கையில் 65-க்கு முன்னாலோ அட்டாக் வந்ததா? ஆமாம் என்றால் கொலஸ்ட்ரால் டெஸ்டோடு லைப்போபுரோட்டீன்-ஏ (ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் ஒருவகைத் துகள்) பாருங்கள். ஆயுளில் ஒரு தடவை பார்த்தால் போதும், ஏனென்றால் அது பெரும்பாலும் பிறவியிலேயே தீர்மானமாவது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பிரஷர், சர்க்கரை, பீடி சிகரெட் எல்லாவற்றிலும் கூடுதல் கண்டிப்பு வேண்டும். எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 190-ஐத் தாண்டினால் கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் கட்டாயம் கூப்பிடுங்கள். குடும்ப வழி நோயாக இருந்தால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

அப்புறம் முகாம் தேதி. வரிசையில் நிற்பது அப்பா அம்மாமார். பார்க்க வேண்டிய 38 வயது மகன் துபாயிலோ ஆழ்கடலிலோ இருக்கிறான். தூத்தூர் பக்கம் என்றால் விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலமான ஜூன், ஜூலையில் வையுங்கள். வளைகுடாப் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கும் பெருநாளுக்கும் ஊருக்கு வரும் நாட்களில் வையுங்கள். ரத்தம் எடுக்க நான் வருகிறேன், கூலி வேண்டாம்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து ஓர் ஆய்வகப் பணியாளர்