வண்ணத்தை வெட்டிப் போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, உருவங்களைக் காட்டாத அரூப ஓவியம் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் குறைவு. அதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால், அரூப ஓவியத்தில் அவரவர் மனதுக்குத் தோன்றுவதே பொருள் என்று கட்டுரையை முடித்திருந்ததும், கூடவே அச்சான படமும் என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

முதலில் படம். ஆல்பர்ஸின் 'சதுரத்துக்கு மரியாதை' வரிசையில் ஓர் ஓவியத்தைக் கறுப்பு வெள்ளையில் போட்டிருந்தீர்கள். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு சதுரங்கள் கொண்ட ஓவியம் அது. உங்கள் பக்கத்தில் மூன்றுதான் தெரிகிறது. நிறத்தில் வேறுபட்டாலும் வெளிச்ச அளவில் ஒன்றுபோல் இருக்கும் வண்ணங்கள் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகிவிடும். போதாக்குறைக்கு, இடத்துக்குப் பொருந்துவதற்காக மேல்பக்கத்தை வெட்டியிருக்கிறீர்கள். அந்தச் சதுரங்கள் நட்டநடுவில் இருப்பவை அல்ல, கீழ்நோக்கி இறங்கி உட்கார்ந்தவை. கீழே இடைவெளி ஒரு பங்கு என்றால் பக்கங்களில் இரண்டு, மேலே மூன்று. அந்த இறக்கத்தால்தான் சதுரங்களுக்கு எடை வருகிறது. சில சமயம் உள்ளே போகும் சுரங்கம்போலவும், சில சமயம் நம்மை நோக்கி வரும் படிகள்போலவும் தெரிகின்றன. மேலே கொஞ்சம் வெட்டினாலும் இதெல்லாம் போய்விடும்.

1950இல், 62 வயதில் இந்த வரிசையைத் தொடங்கிய ஆல்பர்ஸ், 1976இல் இறக்கும்வரை ஆயிரத்துக்கும் மேல் வரைந்தார். வடிவம் மாறாமல் இருந்தால்தான் வண்ணம் என்ன செய்கிறது என்று பார்க்க முடியும். ஹார்ட்போர்டில் வெள்ளை பூசி, பெரும்பாலும் டியூபிலிருந்து வந்த வண்ணத்தைக் கலக்காமல் கத்தியால் தடவுவார். எந்தக் கம்பெனியின் எந்த வண்ணம் என்று பின்பக்கம் எழுதியும் வைப்பார். சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று பூசப்பட்டவை அல்ல, பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டவை. அப்படியிருந்தும் இரண்டு சதுரங்களுக்கு இடையில் இருக்கும் சதுரம், உள்ளே இருக்கும் நிறத்தையும் வெளியே இருக்கும் நிறத்தையும் வாங்கிக்கொண்டதுபோல, ஓரத்துக்கு ஓரம் வேறாகத் தெரியும். அங்கே இருப்பதோ ஒரே சீரான பூச்சு!

இதை முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஓவியரே இல்லை. பாரிஸின் கோபிலான் நெசவுக்கூடத்தில் சாயப் பொறுப்பிலிருந்த வேதியியலாளர் ஷெவ்ரல். கறுப்பு நூல் அடர்த்தியாக இல்லை என்று புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்திலிருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வெளிறச் செய்திருந்தன. 1839இல் அவர் இதைப் புத்தகமாகவே எழுதினார். மாம்பழ நிறப் புடவையில் பார்த்த பச்சை பார்டர், நீலப் புடவையில் வேறு பச்சையாகத் தெரிவதும் இதே சங்கதிதான்.

நான் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவன். ஒரே சாம்பல் தாளிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைக் கறுப்பு சார்ட்டிலும் மற்றதை மஞ்சள் சார்ட்டிலும் வைத்துக் காட்டுவேன். கறுப்பின்மேல் இருப்பது வெளிர் சாம்பல், மஞ்சளின்மேல் இருப்பது அடர் சாம்பல் என்று பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். இரண்டையும் எடுத்து ஒட்டி வைத்தால் வகுப்பே எழுந்து வந்துவிடும். இங்கே 'அவரவர் மனது' எங்கே வந்தது? ஓவியத்தைப் பார்த்து ஒருவருக்கு நிம்மதியும் இன்னொருவருக்குச் சலிப்பும் வரலாம், சரி. ஆனால் அதற்கு முன்னால் கண்ணில் நடப்பது ஓவியர் கணக்குப் போட்டு வைத்தது. அதைச் சொல்லாமல் விட்டால், புரியவில்லை என்று ஒதுங்கும் வாசகரை நாமே இன்னும் தள்ளி நிறுத்துகிறோம்.

அடுத்த கட்டுரைக்குத் தயவுசெய்து வண்ணப் பக்கம் ஒதுக்குங்கள். முடியாது என்றால் ஆங்கில ஓவியர் பிரிட்ஜெட் ரைலியின் 1961ஆம் ஆண்டு ஓவியமான 'சதுரங்களில் அசைவு' படத்தைப் போடுங்கள். அதில் வெறும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்தான். உயரம் மாறாது, அகலம் மட்டும் நடுவைத் தாண்டி ஓரிடம்வரை குறுகிக்கொண்டே போய், பிறகு விரியும். தட்டையான பலகை அந்த இடத்தில் உள்ளே மடங்குவதுபோலத் தெரியும். முழு அகலத்தில் அச்சிட்டால் உங்கள் தாளிலும் மடங்கும்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர் ஒருவர்,
ஈரோடு